மதுரைச் சமவெளியில் இணையத் தொடர்பு

மதுரை நகரமும் அதைச் சூழ்ந்த வைகை, பெரியாறு பாசனப் பகுதிகளும் இந்தியாவில் கிராமப்புற இணைய முயற்சிகள் முன்னதாகவே நடந்த வட்டாரங்களுள் ஒன்று. 2001இல் மேலூர் வட்டத்தில் தொடங்கிய ‘சாரி’ திட்டமும், சில ஆண்டுகள் கழித்துத் தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனை அமைத்த நெடுந்தொலைவு வைஃபை வலையும் இவற்றுள் முதன்மையானவை. முதலாவது நலிந்தது, இரண்டாவது வளர்ந்தது. பின்னர் கைப்பேசி இணையம் வந்து இவ்வட்டாரத்தின் செய்தி, பொழுதுபோக்கு, அரசுச் சேவை, மருத்துவம் ஆகிய அனைத்தையும் மாற்றியது.

முன்வரலாறு

மதுரை நெடுநாளாகவே ஓர் ஊடக நகரம். சி. பா. ஆதித்தனார் 1942இல் ‘தினத்தந்தி’ நாளிதழை இங்குதான் தொடங்கினார். அக்காலத்தின் விரைவான செய்தித் தொடர்பாகிய தந்தியே அதன் பெயரானது. அகில இந்திய வானொலியின் மதுரை நிலையம் 1987இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மேற்கே கொடைக்கானல் மலைமேல் நிற்கும் அலைபரப்பியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கொடை பண்பலை, மலையடிவாரச் சமவெளி முழுவதும் கேட்கிறது. 1990களில் எஸ்.டி.டி. தொலைபேசி பூத்துகளும் கேபிள் தொலைக்காட்சியும் சிற்றூர்வரை பரவின.

இவற்றில் வானொலியும் தொலைக்காட்சியும் ஒருவழிப் பாதைகள். சென்னையோ மதுரையோ பேசும், ஊர் கேட்கும். ஊரிலிருந்து திரும்பிப் பேச, பூத்தில் காசு கொடுத்துப் பேசும் சில நிமிடங்களே இருந்தன. இந்த நிலையை மாற்றும் முதல் பெரிய முயற்சி மேலூரில் நடந்தது.

சாரி திட்டம் (மேலூர்)

சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம், என்-லாக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து இத்திட்டத்தை நடத்தின. முதல் இணைய மையம் 2001 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வட்டத்தின் பல கிராமங்களில் இத்தகைய மையங்கள் எழுந்தன. பெரும்பாலானவற்றை அந்தந்த ஊர் இளைஞர்களும் பெண்களும் தொழிலாக நடத்தினர். சிலவற்றை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை நடத்தியது.

இதற்கு அடிப்படையான தொழில்நுட்பம் ‘கோர்டெக்ட்’. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில் சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழுவும் மைடாஸ் நிறுவனமும் உருவாக்கிய கம்பியில்லா உள்ளூர் இணைப்பு முறை இது. கிராமங்களுக்குச் செம்புக் கம்பி இழுப்பதே தொலைபேசிச் செலவில் பெரும்பங்கு. கோர்டெக்டில் ஒரு நகரக் கோபுரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவுக்கும், இடையில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு நிலையம் வைத்தால் 25 கி.மீ. வரையும் அலைகள் எட்டின. ஒரே இணைப்பில் தொலைபேசியும் இணையமும் கிடைத்தன. இணைய வேகம் நொடிக்கு 35 கிலோபிட். பேச்சு இல்லாத நேரத்தில் 70 கிலோபிட். இன்றைய கணக்கில் மிகக் குறைவு. ஆனால் அன்று ஒரு விண்ணப்பத்தையும் ஒரு புகைப்படத்தையும் அனுப்ப அது போதுமானதாக இருந்தது.

மையங்களில் கணினிப் பயிற்சி, தமிழில் மின்னஞ்சல், வெப்கேமரா வழி உரையாடல் ஆகியவை நடந்தன. பயிரில் நோய் கண்ட விவசாயிகள் படம் எடுத்து வேளாண் வல்லுநர்களுக்கு அனுப்பி ஆலோசனை பெற்றனர். கண்ணின் படத்தை எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பும் வழியும் இருந்தது. பிறப்பு, இறப்பு, வருமான, சாதிச் சான்றிதழ்கள், முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் மேலூர் தாலுகா அலுவலகத்துக்கு மின்வழியே சென்றன. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் காசு கொடுத்து, அலுவலக வாசலில் காத்திருந்தவர்களுக்கு இது உண்மையான விடுதலை.

நலிவு

இத்திட்டத்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர் மையங்கள் மூடப்பட்டதன் காரணங்களைப் பதிவு செய்துள்ளனர். வருமானம் மாதச் செலவுக்குப் போதவில்லை. கணினியோ இணைப்போ பழுதானால் சரிசெய்ய உடனடி உதவி கிடைக்கவில்லை. அரசுச் சேவைகளின் கதை இன்னும் பெரிய பாடம். ஆர்வத்தோடு தொடங்கிய அலுவலர்கள் மாற்றலாகிப் போனபின், பின்வந்தவர்களிடம் அந்த ஈடுபாடு தொடரவில்லை. விண்ணப்பம் மின்னல் வேகத்தில் போய்ச் சேர்ந்தாலும் அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லையென்றால் பயன் என்ன? மக்கள் மீண்டும் பேருந்து ஏறினர்.

தேனி வைஃபை வலை

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமங்களில் அது நடத்திய கண் முகாம்கள் புகழ்பெற்றவை. ஆயினும் கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேரே முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முகாம் ஒரு நாள் வரும், போய்விடும். நிலையான மையம் ஊருக்கு அருகிலேயே வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவை கண் பரிசோதனை மையங்கள்.

அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் கருவிகொண்டு கண்ணைச் சோதிக்கிறார். தேனியிலுள்ள அரவிந்த் மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு நேரே பேசி, கண்ணாடி போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று சொல்கிறார். இதற்கான இணைப்பைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) பேராசிரியர் எரிக் புரூவரின் குழு அரவிந்த் பணியாளர்களோடு சேர்ந்து அமைத்தது.

வீட்டு வைஃபை சில பத்து மீட்டருக்கானது. ஒவ்வொரு செய்தித் துண்டும் போய்ச் சேர்ந்ததா என்று அது உடனுக்குடன் ஒப்புகை கேட்கும். தொலைவு கூடினால் ஒப்புகை வர நேரமாகும், வரவில்லை என்று நினைத்து அனுப்பியதையே மறுபடி அனுப்பும், வேகம் சரியும். ஆய்வுக்குழு இந்த ஒப்புகை முறையை நீக்கி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றியது. ஒரே திசையில் அலையைக் குவிக்கும் ஆண்டெனாக்களைக் கோபுரங்களில் பொருத்தியது. இவ்வாறு தேனி மருத்துவமனை ஐந்து மையங்களோடு இணைந்தது. இணைப்புக் கண்ணிகள் சுமார் 1 கி.மீ. முதல் 15 கி.மீ. வரை நீண்டன. ஓர் ஆலையின் புகைபோக்கிகூட ஆண்டெனா தாங்கியாக உதவியது. மின்சார ஏற்ற இறக்கத்தால் கருவிகள் அடிக்கடி பழுதாயின. அதைச் சமாளிக்க உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி தரப்பட்டது.

பொது இணையம் பரவிய பிறகு மையங்கள் அதற்கு மாறிக்கொண்டு பெருகின. இன்று அவற்றின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது. கருவியும் இணைப்பும் மாறினாலும் மறுமுனையில் மருத்துவர் காத்திருந்தார் என்பதே இதன் வெற்றி.

கைப்பேசியும் ஊடகமும்

இதற்கிடையே மற்றத் தொடர்பு வழிகளும் மாறின. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011இல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் இணைப்பு வழங்கியது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நாடெங்கும் நிறுத்தப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவையின் வருகைக்குப்பின் டேட்டா விலை சரிந்தது. அதுவரை அளந்து செலவிட்ட இணையம், தேநீர்க் கடை பெஞ்சுவரை தாராளமாக வந்தது.

அதன் வலிமையை 2017 ஜனவரி காட்டியது. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அலங்காநல்லூரில் தொடங்கிய போராட்டம் வாட்ஸ்அப், முகநூல் வழியாகப் பரவி, மதுரைத் தமுக்கம் திடலிலும் சென்னை மெரினாவிலும் இளைஞர்களைத் திரட்டியது. ஜனவரி 23இல் சட்டமன்றம் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. செய்தி கேட்கும் ஊர் செய்தி சொல்லும் ஊராக மாறியதற்கு இதைவிடப் பெரிய சான்று இவ்வட்டாரத்தில் இல்லை. அதே வழியில் வதந்தியும் பொய்ச்செய்தியும் அதே வேகத்தில் பரவுகின்றன என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மதுரையின் சித்திரைத் திருவிழா நிறுத்தப்பட்டு, 2020 மே 4இல் மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் பக்தர்கள் இன்றி நடந்தது. மக்கள் அதை இணைய நேரலையில் கண்டனர். ஆனால் அதே மாதங்களில் ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு வெளியே நின்றனர். 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அவர்களுக்குத் துணையானது. பழைய ஊடகத்தைப் புதியது வந்தவுடன் கைவிடக் கூடாது என்பதை அது உணர்த்தியது.

இன்றைய நிலை

மேலூரில் முயன்று பார்த்த சான்றிதழ் சேவை இப்போது மாநிலம் முழுவதும் இ-சேவை மையங்களில் கிடைக்கிறது. பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் ஏற்றுள்ளது.

மேலூரும் தேனியும் தரும் பாடம் ஒன்றே. இணைப்பின் ஆயுளை அதன் வேகம் முடிவு செய்வதில்லை. மறுமுனையில் பொறுப்போடு பதில் சொல்பவரும், பழுதானால் அன்றே வந்து சரிசெய்பவருமே முடிவு செய்கிறார்கள். ஊராட்சிகளுக்கு இழை வந்து சேரும் இந்நேரத்தில், அவ்விருவரையும் அமர்த்திய பிறகே திட்டம் நிறைவேறியதாகக் கணக்கிட வேண்டும்.