வளவு வளர்த்த நாய்

காங்கேசன்துறையில் பழைய நாளில் நாயை இன்னார் வளர்த்தார் என்று சொல்வது முற்றும் பொருந்தாது. நாய் வளவில் நின்றது, வளவு அதனை வளர்த்தது. கீரிமலைக்கும் மயிலிட்டிக்கும் இடையே, வடகடலை நோக்கிக் கிடக்கும் அந்தச் சுண்ணக்கற் பூமியில், ஒரு குடும்பத்துக்குரிய நிலம் எத்துணைச் சிறியதாயினும் அதற்கு நாற்புறமும் வேலி உண்டு. வேலிக்குள்ளே முற்றமும் கோடியும் கிணற்றடியும் உண்டு. அவற்றின் நடுவே வீடு உண்டு. அந்த வீட்டினுள் அடியெடுத்து வையாமலே அதன் முழு வாழ்வையும் அறிந்த ஜீவனாக ஒரு நாயும் உண்டு. இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தொடர்மாடிகளில் வசித்துக்கொண்டு, நாயை எவ்வாறு சந்தோஷமாகவும் சேமமாகவும் வைத்திருப்பது என்று அவ்வூரவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விசாரிக்கின்றனர். அவர்களுக்கு விடை சொல்லப் புகுமுன், அந்த வளவு நாய்க்கு என்னென்ன செய்தது என்பதைக் காண வேண்டும்.

வேலியிலிருந்து தொடங்கலாம். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, கிடுகையோ பனையோலையையோ வரிச்சு வைத்துக் கட்டிய வேலி, மனிதர் கண்ணுக்கு மறைப்பாயிருந்ததேயன்றி, நாயின் மூக்குக்கும் செவிக்கும் மறைப்பாயிருந்ததில்லை. ஒழுங்கையிற் போகிறவர் இன்னார் என்பதை ஓலையின் ஊடாகவே அது அறிந்தது. வேலியின் அடியில், பெரும்பாலும் அயல் வளவின் பக்கமாக, ஒரு பொட்டு இருக்கும். ஓலை நுனி தேய்ந்து, ஓரத்துக் கிளுவைத் தடியில் நாயின் முதுகு நாள்தோறும் உராய்ந்து பட்டை மழமழப்பாகி, செம்மண்ணிற மயிர் இரண்டொன்று அதில் ஒட்டியிருக்கும். வேலி அடைக்கிற காலத்தில் புதிய ஓலை வைத்து அந்தப் பொட்டையும் சேர்த்து அடைத்துவிட்டாலும், சில கிழமை கழிவதற்குள் அதே இடத்தில் அது மறுபடியும் திறந்திருக்கும். அவ்வழியாலேதான் நாய் தன் ஊரைச் சுற்றியது. அயல் வீட்டுக் குசினியின் வாசனையை அறிந்தது. தன் இனத்தோடு சண்டையும் சமாதானமும் செய்தது. கரைவலை இழுக்கும் வேளை பார்த்துக் கடற்கரைக்குப் போய், சிந்திய மீனில் தன் பங்கை எடுத்துக்கொண்டு வந்தது.

வேலிக்கு உள்ளேயும் அதற்கு வேண்டியவை யாவும் அமைந்திருந்தன. விடியற்காலத்தில் முற்றத்து இளவெயில், மத்தியானத்தில் கிணற்றடி வாழைகளின் கீழுள்ள ஈரமண், மாரியில் அடுப்புச் சாம்பல் கொட்டும் இடத்தின் வெதுவெதுப்பு, சோளகம் வீசும் மாதங்களில் வீட்டின் வடபுறத்து ஒதுக்கு, வாடைக்காற்று இறங்கிவிட்டால் தென்புறத் தாழ்வாரம் என, காலத்துக்கும் காற்றுக்கும் ஏற்றபடி தன் சயனத்தலத்தை நாயே தெரிந்துகொண்டது. இரவில் பனம்பழம் விழும் ஓசைக்கும் ஆளொருவன் வேலி பாயும் ஓசைக்கும் வேறுபாடு கண்டு, முன்னதற்குச் செவியை மட்டும் நிமிர்த்தி, பின்னதற்கு ஊரையே எழுப்பிற்று. ஓட்டமும் ஓய்வும், தொழிலும் துணையும் இவ்வாறு ஒருங்கே வாய்த்திருந்தபடியால், வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியிருந்தவை, வீரன் என்றோ டைகர் என்றோ ஜிம்மி என்றோ ஒரு பேரும், மத்தியானத்தில் ஒரு சட்டிச் சோறும் மீன்தலையுமே.

அந்தக் காலத்தைப் பொற்காலமென்று சொல்ல நான் துணியமாட்டேன். உண்ணியும் சொறியும் பட்டு, வைத்தியம் இன்றி, அற்பாயுளில் மாண்ட நாய்கள் எண்ணிறந்தவை. பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டு வருவதை, மற்றெல்லா விதத்திலும் தர்மசிந்தையுள்ள குடும்பத்தவரும் பாவமென்று கருதினாரில்லை. வளவு நாய்க்குச் சௌகரியம் கொடுத்தது. இரக்கம் கொடுக்கிற கடமை மனிதருடையதாக இருந்தும், அவர் அதனை அரைகுறையாகவே செய்தனர்.

இத்தனைக்கும் நாயைத் தெய்வ சம்பந்தமுடையதாகக் கண்ட சமூகம் அது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வைரவர் இல்லாத குறிச்சியைக் காண்பதரிது. வேம்பின் கீழே ஒரு சூலம் நட்டு, விளக்கேற்றி, வடைமாலை சாத்தி வழிபடுகிற காவற்றெய்வம் அவர். அவருடைய வாகனம் நாய். சிவாலயங்களில் அர்த்தசாம பூசை நிறைவேறித் திருக்கதவம் சாத்திய பின்னர், திறவுகோலை வைரவர் சந்நிதியில் ஒப்புவிக்கும் சம்பிரதாயமும் உண்டு. கோயிலில் வைரவருக்கு வழங்கிய உத்தியோகம் எதுவோ, அதுவே வீட்டில் நாய்க்கும் வழங்கிற்று. ஆனால் ஆசாரம் காரணமாகத் திண்ணைக்கு மேலே அதற்கு இடமில்லை. வாகனத்தை மதித்த மனம், வாசற்படியை மாத்திரம் விட்டுக்கொடுக்கவில்லை.

நாய்க்கும் மனிதருக்கும் இடையே அரசாங்கம் புகுந்தது ஆங்கிலேயர் காலத்தில். லூயி பாஸ்டர் விசர்நாய்க்கடிக்குத் தடுப்பு மருந்தை மனிதரிடத்துப் பரீட்சித்து வெற்றி கண்டது 1885ஆம் ஆண்டில். இலங்கையில் விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டம் பிறந்தது 1893இல். நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு முதன்முதல் இரயில் ஓடியது 1902இல் என்பதையும், அப்பாதை கொழும்போடு இணைந்தது 1905இல் என்பதையும் சேர்த்து நோக்கினால், அத்துறைமுக ஊருக்குப் புகையிரதமும் நாய்ச் சட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன என்பது புலனாகும். அதுவரை வீட்டுக்காரரின் பேச்சில் மட்டும் உரிமை பெற்றிருந்த நாய், அன்றுமுதல் உள்ளூராட்சிச் சபையின் ஏட்டிலும் ஏற வேண்டியதாயிற்று. ஏறாத நாய் பிடிபட்டு மாளக்கூடியதுமாயிற்று. இச்சட்டங்களைக் கொடியவை என்று மட்டும் சொல்லிவிடுதல் நியாயமன்று. விசர்நாய்க்கடியால் 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் மாண்டனர். எழுபதுகளின் நடுவிலே தொடங்கி வளர்ந்த தடுப்பூசி இயக்கமே அத்தொகையைப் படிப்படியாகக் குறைத்தது. தெருநாய்களைக் கொல்லுதலை நிறுத்தி, கருத்தடையாலும் தடுப்பூசியாலும் காரியத்தைச் சாதிக்கும் கொள்கை 2006இல் வந்தது; ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வந்திருக்க வேண்டிய கொள்கை என்பதே என் அபிப்பிராயம்.

1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, ஊரின் சுண்ணக்கல்லை நாடெங்கும் அனுப்பியதோடு, வேற்றூர் மனிதரையும் விடுதி வாழ்வையும் ஊருக்குள் கொண்டுவந்தது. ஆயினும் வளவு அழியவில்லை. அதை அழித்தது யுத்தம்.

1990 ஜூன் மாதத்தில் போர் மறுபடியும் மூண்டபோது, காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். சில நாளில் திரும்பிவிடலாம் என்றே அநேகர் எண்ணினர். ஆகவே மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிட்டு, பானையில் இருந்த சோற்றை முற்றத்திற் கொட்டிவிட்டு நடந்தனர். சந்தி வரைக்கும் பின்தொடர்ந்து வந்த நாயைக் கல்லெடுத்து விரட்டித் திருப்பி அனுப்பிய கதையை, அவ்வூர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் முழுதாகச் சொல்லி முடிக்கமாட்டார்கள். பொம்பர் வருவதை மனிதர் கேட்பதற்கு முன்னர் நாய் கேட்டது என்பதும், பங்கருக்குள் முதலிற் பாய்ந்தது அதுவே என்பதும் அக்காலத்தவர் யாவரும் சொல்லும் செய்தி. பின்னர் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் பெயர்ந்தபோது, அதே பிரிவு இன்னும் பெரிய அளவில் நடந்தேறியது.

சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகத்துக் கோணப்புலத்திலும் தகரமும் தறப்பாளுமாக நெருங்கிக் கிடந்த கொட்டில்களில், காங்கேசன்துறை மக்கள் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். வேலியில்லாத, முற்றமில்லாத, அடுத்த வீட்டு இருமல் தன் வீட்டில் ஒலிக்கிற வாழ்வை அவர்கள் முதன்முதல் கண்டது அங்கேதான். மாடி மட்டுந்தான் இல்லை, மற்றெல்லா விதத்திலும் அது தொடர்மாடியே. அங்கும் நாய்கள் இருந்தன. எல்லை தெரியாத காரணத்தால் எவரைக் கண்டு குரைப்பது என்று அவை தடுமாறின. எல்லாரையும் கண்டு குரைத்தன, அல்லது எவரைக் கண்டும் குரையாது சுருண்டு கிடந்தன.

முகாமுக்குப் போகாமல் கொழும்பு வெள்ளவத்தைக்குப் போனவர்களும், அங்கிருந்து கடல் கடந்தவர்களும், நான்காம் மாடியிலும் பதினாலாம் மாடியிலும் குடியேறினர். ஒவ்வோர் ஊரிலும் நாய்க்கு ஒவ்வொரு நீதி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 2006ஆம் ஆண்டின் குடியிருப்போர் வாடகைச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணி கூடாதென்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் அவ்வாசகம் செல்லாது. சொந்தமாக வாங்கும் மாடிவீடுகளுக்கோ அந்தந்தக் கட்டடத்தின் விதியே பிரமாணம். முற்காலத்தில் யாழ்ப்பாணத்தவர் உத்தியோகம் தேடிப்போன சிங்கப்பூரில், அரசாங்க அடுக்கு வீடுகளில் அங்கீகரிக்கப்பட்ட சிற்றின நாய் ஒன்றுக்கு மட்டுமே அனுமதி. கலப்பினத்து உள்ளூர் நாய்க்கும் இடந்தரும் திட்டம் 2012இல்தான் ஆரம்பமாயிற்று. கொழும்பில் கட்டட முகாமைத்துவம் வகுக்கிற விதியைக் குடிபுகுமுன்னரே எழுத்தில் கேட்டறிவது, பின்னர் நாயை வேறிடத்துக்கு அனுப்புகிற துக்கத்தைத் தவிர்க்கும்.

சட்டம் இடங்கொடுத்த பின்னரே உண்மையான காரியம் தொடங்குகிறது. வளவு இலவசமாகக் கொடுத்த ஒவ்வொன்றையும் இப்போது மனிதர் தம் நேரத்தைச் செலவழித்துக் கொடுத்தாக வேண்டும். வேலிப்பொட்டு அடைபட்டுவிட்டது, ஆகவே காலையும் மாலையும் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். போகும்போது இழுத்துக்கொண்டு விரையாமல், விளக்குக் கம்பத்தின் அடியிலும் செடியின் ஓரத்திலும் அது ஆறுதலாக முகர்ந்து நிற்க விடவேண்டும். ஊர்ப் புதினத்தை அது அறிவது மூக்கினாலேயன்றிக் காலினால் அன்று. கொழும்பில் மத்தியானத்துத் தார்வீதி அதன் பாதத்தைப் பொசுக்கும். வீட்டுக்காரர் தம் புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாதாயின் புறப்படலாகாது. ரொறன்ரோவின் பனிக்காலத்தில் நடைபாதையில் தூவும் உப்பு விரலிடுக்கில் எரிச்சலூட்டுமாதலால், வீடு திரும்பியதும் நான்கு காலையும் இளஞ்சூட்டு நீரிற் கழுவித் துடைக்க வேண்டும்.

குரைப்பே மாடிவீட்டின் பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. படலையடியில் அந்நியரைக் கண்டு குரைத்த நாய்க்கு வளவிலே புகழ் கிடைத்தது. அதே குரல் மூன்றாம் மாடியில் முறைப்பாட்டைக் கொண்டுவருகிறது. நாய் தன் குலத்தொழிலைச் செய்கிறது. பொது நடைவழியே ஒழுங்கையாகவும், அவ்வழிச் செல்வோர் யாவரும் படலைக்கு வந்தவராகவும் அதற்குத் தோன்றுகின்றனர். அதன் படுக்கையை வாயிற்கதவின் அருகிலிருந்து வீட்டின் உட்புறத்துக்கு மாற்றி, காலடியோசை கேட்கும்போது அழைத்து, அமைதியாக வந்ததற்கு ஒரு துண்டு உணவு கொடுத்துப் பழக்கினால், சில கிழமைகளில் மாற்றம் தெரியும். அடித்தால் அச்சம் மிகும்; அச்சம் குரைப்பை வளர்க்கும். வெறுமனே கிடக்கிற நாய்க்கு ஒரு தொழிலும் வேண்டும். அதன் உணவிற் சிறிது எடுத்துப் பழந்துணி மடிப்புக்குள் ஒளித்துத் தேடச் செய்தால், அந்தக் கால்மணி நேரத் தேட்டம் நெடுநடை ஒன்றுக்குச் சமானமான களைப்பைத் தரும். ஆளில்லா வீட்டில் இருக்கப் பழக்குவதும் சிறிது சிறிதாக, சில நிமிஷத்திலிருந்து தொடங்கி நடைபெற வேண்டும். முதல் நாளிலேயே எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போவது கொடுமை.

சேமத்தைப் பற்றிய காரியங்களிலே பல்கனி முதலாவது. கம்பிகளுக்கிடையே தலை நுழையுமாயின் உடலும் நுழையக்கூடும். வலை கட்டுவதன்றி வேறு பரிகாரமில்லை. அங்கே நாயைச் சங்கிலியிற் கட்டிவைப்பது, வெயிலாலும் பாய்ந்து தொங்குவதாலும் உயிருக்கே உலையாகும். லிஃப்டில் ஏறும்போது வாரைக் குறுகப் பிடித்து, நாய் முழுதும் உள்ளே வந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே கதவை மூட விடவேண்டும். வார் ஒருபுறமும் நாய் மறுபுறமுமாகப் பெட்டி நகர்ந்த விபத்துகள் உண்டு. வழுக்கும் தரையில் பாய் ஒன்று விரித்து, தேயாமல் வளரும் நகத்தை அளவாக வெட்டுவது மூட்டுகளைக் காக்கும். உணவில் ஓர் எச்சரிக்கை நம்மவர்க்கு அவசியம்: வலிகாமத்தின் செம்மண் விளைத்த சின்ன வெங்காயம் இல்லாத கறி நம் குசினியில் இல்லை, அந்த வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுப்பது. முந்திரிகைப்பழமும் (திராட்சை) சொக்கலேற்றும் அதற்கு நஞ்சு. சமைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். வளவு நாய் கறிச்சோறு தின்று வாழவில்லையா என்று கேட்பவர், அவை எத்தனை வயதில் இறந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2015 ஜனவரியில் இரயில் மறுபடியும் காங்கேசன்துறையை எட்டியது; அடுத்தடுத்த ஆண்டுகளில், இராணுவம் வைத்திருந்த காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன; மீண்டவர்கள் பற்றை வெட்டி, எல்லை தேடி, கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் எழுப்புகின்றனர். மதிலுக்குப் பொட்டு இல்லை. ஆகவே ஊரிலுள்ள நாய்க்கும் இப்போது நடை வேண்டியதாயிற்று. விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மாடிவீட்டு நாயோடு வருகிறவர்கள், பெரிய வளவைக் கண்ட மகிழ்ச்சியில் படலையடியிலேயே அதனை அவிழ்த்துவிடலாகாது. காலங்கடந்த தடுப்பூசி இருந்தால் புறப்படுமுன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாலையும் காதின் உள்ளும் விரலிடுக்கும் பார்த்து உண்ணி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளில்லாதிருந்த இருபத்தைந்து ஆண்டில் கட்டு இடிந்து பற்றை மூடிய பழங்கிணறுகள் அயற்காணிகளில் இன்னும் இருக்கின்றனவாதலால், அவை எங்கெங்கே உள்ளன என்பதை அயலவரைக் கேட்டறியும் வரையில் நாயை நீண்ட வாரிலேயே வைத்திருப்பது நன்று.