படத்தின் பின்பக்கம்

ஸ்டுட்கார்ட்டின் கார்ல்ஸ்பிளாற்ஸில் சனிக்கிழமை தோறும் பழஞ்சாமான் சந்தை கூடும். றெஸ்ரோறன்டில் எங்களுக்கு வேலை பதினொரு மணிக்குத்தான். அதற்கு முன்னர் அங்கே ஒரு சுற்றுச் சுற்றி வருவது எங்கள் வழக்கம். வாங்குவதற்கல்ல, பார்ப்பதற்கு. அங்கே ஒரு முதியவர் சப்பாத்துப் பெட்டிகளில் சின்னச் சின்ன வண்ணப் படங்களை அடுக்கி வைத்திருப்பார். ஒருநாள் அவற்றைக் கிளறியபோது, முதுகில் கூடையோடு ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். மூக்குத்தி, தலையில் துணி, பின்னால் நீல மலைகள். கீழே 'சிலோன்' என்று ஒரு சொல். அவளுக்குப் பெயரில்லை. திருப்பிப் பார்த்தோம். சொக்கலேற் விளம்பரம் இருந்தது.

"அது ஆறில் ஒன்று" என்றார் முதியவர். "மற்ற ஐந்தும் உங்களிடம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு."

அன்று ஒரு யூரோ கொடுத்து வாங்கிய அந்தப் படம்தான் எங்களை இந்தக் கதைக்குள் இழுத்தது. வரலாறு படிக்கத் தொடங்கி, முடிக்காமல் புறப்பட்டு வந்தவர்கள் நாங்கள். பாதியில் விட்ட பழக்கம் இப்படித்தான் எங்காவது தலைகாட்டும்.

பொருளோடு படம் கொடுக்கும் வழக்கத்தை முதலில் பரப்பியவற்றுள் பாரிஸின் போன் மார்ஷே என்ற பெரிய கடையும் ஒன்று. உணவுப் பொருட்களில் அதைக் கொடிகட்டிப் பறக்கவிட்டது லீபிக் கம்பனி. யுஸ்ருஸ் பொன் லீபிக் (1803-1873) ஒரு ஜேர்மன் இரசாயனவியலாளர். மாட்டிறைச்சியைக் காய்ச்சி வற்றவைத்துச் சாரம் எடுக்கும் அவரது முறையை வைத்து 1865இல் லண்டனில் ஒரு கம்பனி எழுந்தது. தொழிற்சாலை இருந்ததோ தென்னமெரிக்காவில், உருகுவேயின் பிறே பென்ரோஸ் என்ற ஆற்றோர ஊரில். அங்கே மாடுகளைத் தோலுக்காகவே கொன்றார்கள், இறைச்சிக்கு விலையில்லை. ஒரு கிலோ சாரத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோ இறைச்சி வேண்டும். அந்தக் கறுத்த பசையை ஐரோப்பிய வீட்டுப் பெண்களின் கையில் சேர்ப்பதற்குத்தான் படங்கள் வந்தன.

1870களில் தொடங்கிய லீபிக் படங்கள் 1975 வரை வெளிவந்தன. தொடர்கள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் ஒரு தொடருக்கு ஆறு படங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று, பத்துப் பன்னிரண்டு நிறங்கள் வரை கல்லச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். பின்பக்கத்தில் சமையற் குறிப்பு இருக்கும், அல்லது நீல மையில் லீபிக்கின் கையெழுத்தில்லாத சாடி போலி என்ற எச்சரிக்கை இருக்கும். இன்று நாங்கள் சமையலறையில் அள்ளிப் போடும் சூப்புத் தூளுக்கும் கட்டிக்கும் இந்தச் சாடி பாட்டன் முறை.

அடுத்து வந்தது சொக்கலேற். கொலோன் நகரின் ஸ்ரொல்வெர்க் கம்பனி 1887 முதல் காசு போட்டால் சொக்கலேற் தரும் இயந்திரங்களை ஊரெங்கும் நிறுத்தியது. பின்னர் படங்களை ஒட்டுவதற்கு ஆல்பங்களும் வெளியிட்டது. அடொல்ப் மென்செல் போன்ற பெயர்பெற்ற ஓவியர்களிடமும் படம் கேட்டு வாங்கியது. ஸ்டுட்கார்ட்டும் சொக்கலேற் நகரம்தான். வல்ட்பவுர், மோசர்-றோத், எஸ்செற் எல்லாம் இவ்வூர்ப் பெயர்கள். இன்று உலகமறிந்த றிற்றர் 1912இல் இங்கே கான்ஸ்ரற்றில் தொடங்கியதே.

தூர தேசங்களை ஸ்டுட்கார்ட் மக்களுக்குக் காட்ட லிண்டன் மியூசியம் இருந்தது. அங்கே போக முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆல்பம்தான் மியூசியம். யானை, பனை, கறுத்த மனிதர் எல்லாம் அதில் அழகாகவே இருந்தார்கள். அழகாக மட்டுமே இருந்தார்கள்.

அமெரிக்காவில் இதே இடத்தைப் பிடித்தவர்கள் பேஸ்போல் ஆட்டக்காரர்கள். கிராக்கர் ஜாக் என்ற சோளப்பொரி இனிப்போடு 1914இல் 144 படங்களும் 1915இல் 176 படங்களும் வந்தன. 1915இல் நூறு கூப்பன் அனுப்பினால் முழுத் தொடரும் தபாலில் வரும். ஒரு கூப்பனோடு 25 சதம் அனுப்பினாலும் வரும். சிகரட் பெட்டியில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படம் ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அந்த ஆட்டக்காரருக்குப் பெயர் இருந்தது. எங்கள் கூடைக்காரிக்கு இல்லை.

இலவசப் படத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1930களில் ஜேர்மன் சிகரட் கம்பனிகள் 1936 ஒலிம்பிக்குக்கு ஆல்பம் போட்டன. அதே ஆண்டில் ஹிட்லரின் வாழ்க்கைக்கும் ஆல்பம் போட்டன. தகப்பன் புகைத்தார், பிள்ளை ஒட்டியது. முதியவரிடம் அப்படி ஓர் ஒலிம்பிக் ஆல்பம் இருந்தது. நடுவில் சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஏன் என்று கேட்டோம். "சேர்த்தவர் என் அண்ணன். போருக்குப் போனார்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஆல்பத்தை அவர் விற்பதில்லை.

நாங்களும் சேர்த்தவர்கள்தாம். ஊரில் சிகரட் பெட்டி மட்டைகளை வெட்டி விளையாடினோம். பிறிஸ்டலுக்கு ஒரு மதிப்பு, த்றீ றோசஸுக்கு ஒரு மதிப்பு, கோல்ட் லீவுக்கு இன்னொரு மதிப்பு. எப்போதாவது கண்டோஸ் கிடைத்தால், அதன் ஈயத்தாளை நகத்தால் நீவிப் புத்தகத்துக்குள் வைத்தோம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு ஓடியபோது அந்தப் புத்தகமும் போயிற்று, வீட்டுப் படங்களின் ஆல்பமும் போயிற்று.

இனிக் கூடைக்காரியிடம் வருவோம். 1867இல் லூல்கந்துறையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். கோப்பியை நோய் அழித்த பின் மலையகம் முழுவதும் தேயிலை ஆனது. இந்த மலைகளில் கொழுந்தெடுத்தவர்கள் தமிழகத்து ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் மக்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. படத்தின் முன்பக்கம் நீல மலை, பின்பக்கம் சொக்கலேற் விலை. இந்தக் கதை இரண்டு பக்கத்திலும் இல்லை.

சேகரிப்போர் படத்தின் மூலை மடிந்திருக்கிறதா, பின்னால் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். பின்பக்கத்தில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால் மதிப்புக் குறைந்துவிடும். எங்களுக்கு அது நேர்மாறு. 1995இல் அம்மாவின் கைப்பையில் அடையாள அட்டையோடு ஒரேயொரு படம் தப்பி வந்தது. ஒரு கல்யாண வீட்டுப் படம், பதினொரு பேர். பின்பக்கத்தில் அப்பா பதினொரு பெயரையும் இடமிருந்து வலமாக எழுதி வைத்திருந்தார். அவர்களிற் பலர் இன்றில்லை. ஆனால் யார் யாரென்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் அலுமாரிகளில் இருக்கும் படங்களை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெறுமையாக இருந்தால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பெயர்களை எழுதி வையுங்கள். கூடைக்காரியின் மற்ற ஐந்து படங்களையும் நாங்கள் தேடவில்லை. அந்தப் படத்தைச் சமையலறை அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.