வருசத்துக்கு எத்தனை பீஸ் சார் வேணும்?

மக்களே, இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நம்ம ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல. மானாவாரி பூமி. கிணறு இருந்தாலும் த்ரீ பேஸ் கரண்ட் வந்தாத்தான் தண்ணி. அது ராத்திரி ஒரு மணிக்கு வந்தா, ஒரு மணிக்கு டார்ச் லைட்டோட காட்டுக்குப் போகணும். பாம்பு பயம் வேற. அதுக்காகவே சித்தப்பா ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார். வீட்டுல இருந்து ஒரு மிஸ்டு கால், மோட்டார் ஓடும். ரெண்டாவது வருசமே அது செத்துப்போச்சு. கம்பெனிக்குப் போன் போட்டா, "அந்த மாடலை நிறுத்தியாச்சு சார், புதுசு வாங்கிக்கங்க". அம்புட்டுதான்.

"பெங்களூர்ல பொட்டிதானடா தட்டுற? இதச் சரிபண்ண மாட்டியா?"ன்னு சித்தப்பா கேட்டுட்டார். மானப் பிரச்சினை ஆயிருச்சு.

திறந்து பார்த்தா உள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர். ஒரே சிப்புக்குள்ள அடங்கின குட்டிக் கம்ப்யூட்டர்னு வச்சுக்கங்க. அதுல இருக்கிற புரோகிராமைப் படிக்க முடியாதபடி பூட்டி வச்சிருந்தாங்க. சரி, புதுசா ஒண்ணு நாமளே செய்வோம்னு ஆர்டுயினோ நானோ ஒண்ணும், சிம் போடுற மாட்யூல் ஒண்ணும் வாங்கினேன். டவரைப் பிடிக்கிற நேரத்துல எல்லாம் போர்டு செத்து செத்துப் பிழைச்சுது. ஏன்னு கேட்டு மாட்யூல் செஞ்ச கம்பெனிக்கே எழுதலாம்னு போனா, படிவத்துல கட்டாயமா நிரப்ப வேண்டிய ஒரு கட்டம்: வருசத்துக்கு எத்தனை பீஸ் வேணும்? நேர்மையா 1ன்னு போட்டேன். இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல :-)

கோபம் ஆறினதும், ஏன் இப்படின்னு இந்தத் துறையோட பழங்கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

1980ல இன்டெல் 8051 வந்துச்சு. காலேஜ் லேப்ல ஹெக்ஸ் எண்ணா அடிச்சு உயிரை விட்டோமே, அதேதான். இந்த மாதிரி சிப்புகளை வாங்கினவங்க லட்சக்கணக்குல பொருள் செய்யற ஆலைகள். சந்தேகம்னா சிப் கம்பெனி இஞ்சினியரே ஆலைக்குப் போவார். ஒத்தை சிப் வாங்குறவனுக்கு அந்தக் கணக்குல இடமே கிடையாது. அப்ப சிப்புல எழுதினதை அழிக்கிறதும் லேசு இல்ல. மேல இருக்கிற கண்ணாடி ஜன்னல் வழியா புற ஊதா வெளிச்சத்தைக் கால் மணி நேரம் காட்டணும். எழுதுற கருவிக்குத் தனிக் காசு.

1993ல மைக்ரோசிப் கம்பெனியோட பிஐசி16சி84 வந்துச்சு. மின்சாரத்தாலயே அழிச்சு அழிச்சு எழுதலாம். சில ஒயர் போதும். எப்படி எழுதணும்கிற விவரத்தையும் கம்பெனி வெளியிட்டுச்சு. உடனே உலகம் பூரா ஆர்வலர்கள், நாலு ரெசிஸ்டர், ட்ரான்சிஸ்டரை வச்சு கம்ப்யூட்டரோட பிரின்டர் போர்ட்லயே எழுதுற கருவியைச் செஞ்சு, வரைபடத்தைச் சும்மா கொடுத்தாங்க.

1997ல ஆட்மெல் கம்பெனியோட ஏவிஆர் சிப் சந்தைக்கு வந்துச்சு. இலவச ஜிசிசி கம்பைலரை அதுக்குப் பொருத்தினவங்க தன்னார்வலர்கள். அதுக்கு மேலதான் இத்தாலியில இவ்ரேயான்னு ஒரு சின்ன ஊர்ல, ஹெர்னாண்டோ பாரகான்கிற கொலம்பிய மாணவர் 2003ல வயரிங்கை உருவாக்கினார். 2005ல அதே ஊர்ல ஆர்டுயினோ பிறந்துச்சு. சிப் கம்பெனி செய்யாததை வாத்தியார்களும் மாணவர்களும் செஞ்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச மாசம் 2014 அக்டோபர். ஒரே மாசத்துல ரெண்டு சம்பவம்.

ஒண்ணு, ஸ்காட்லாந்துக் கம்பெனி எப்டிடிஐ. போர்டை யுஎஸ்பில இணைக்கிற சிப் அவங்களோடது. அதுக்குப் போலிகள் ஏராளம். போலி சிப்பைக் கண்டா அதோட அடையாள எண்ணை 0ன்னு மாத்திடுற டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியா விட்டாங்க. போர்டு கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே போயிரும். போலி செஞ்சவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. போலின்னே தெரியாம வாங்கினவன் மாட்டினான். கூச்சல் பெருசானதும் டிரைவரைத் திரும்ப வாங்கிட்டாங்க. அதுக்குள்ள ஆர்வலர்கள் எண்ணைத் திரும்ப எழுத வழி கண்டுபிடிச்சாச்சு. 0ங்கிற எண்ணையும் ஏத்துக்கிற திருத்தம் லினக்ஸ்ல சேர்ந்துச்சு.

இன்னொண்ணு, ஷாங்காய் கம்பெனி எஸ்பிரெசிஃப். அவங்க ஈஎஸ்பி8266 சிப்போட மலிவு வைஃபை மாட்யூல் அந்த வருசம்தான் வெளியுலகக் கண்ணுல பட்டுச்சு. ஆவணம் எல்லாம் சீன மொழியில. ஆர்வலர்கள் உக்காந்து மொழிபெயர்த்தாங்க. வேற போர்டுக்கு எடுபிடியா வித்த சிப்பைத் தனியாவே புரோகிராம் பண்ணலாம்னு காட்டினாங்க. எஸ்பிரெசிஃப் கதவைச் சாத்தலை. அதே அக்டோபர்ல மென்பொருள் கருவிகளை வெளியிட்டாங்க. ஆர்டுயினோவுல இருந்தே இந்தச் சிப்புக்கு எழுத வழி செஞ்ச இவான் குரோகோட்கோவ்ங்கிற ஆர்வலரைப் பிறகு வேலைக்கே எடுத்துக்கிட்டாங்க. அந்தக் கம்பெனி 2019ல ஷாங்காய் பங்குச்சந்தைக்குப் போயிருச்சு.

ஆக, கம்பெனிக்காரன் கெட்டவன், ஆர்வலன் நல்லவன்னு சொல்ல வரலை. எத்தனை பீஸ்ங்கிறதை வச்சுத்தான் கம்பெனி உதவியை அளக்கும். அதுக்குச் சம்பளக் கணக்கு இருக்கு. ஆனா விவரத்தை மறைக்காம வெளிய வைக்கிறதுக்குப் பெருசா செலவு ஒண்ணும் இல்ல. வச்சவங்களுக்கு ஊர் கூடி வேலை செஞ்சிருக்கு.

என் கதைக்கு வர்றேன். முன்பின் தெரியாத ஒருத்தர் ரெண்டே வரி எழுதினார்: "டவரைத் தேடும்போது மாட்யூல் ஒரு கணம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பக்கத்துலயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடு." சில ரூபாய் சாமான். போட்டேன். நின்னுச்சு.

இப்ப சித்தப்பா ராத்திரி தூங்குறார். ஆனா ஒண்ணு. நாளைக்கு மோட்டார் காயில் எரிஞ்சா யாரைக் கேக்கறது? கம்பெனிப் பொருள்னா பேருக்காவது ஒரு வாரன்டி அட்டை இருக்கும். இதுக்கு நான்தான் அட்டை. பக்கத்துக் காட்டுக்காரர் "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு தம்பி"ன்னு கேட்டப்ப, பட்டுன்னு சரின்னு சொல்ல வாய் வரலை. வரைபடத்தை மட்டும் கொடுத்திருக்கேன். அவர் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். சந்தேகம்னா கூப்பிடச் சொல்லியிருக்கேன். எத்தனை பீஸ்னு கேக்க மாட்டேன்.

டிஸ்கி: மோட்டார் பெட்டிக்குள்ள வர்றது 440 வோல்ட். எலக்ட்ரீசியன் இல்லாம யாரும் கை வைக்காதீங்க சாமிகளா.