இரண்டு ரயில்கள் சொல்லும் பாடம்

"தீவு நாடுகளின் பேரிடர் மேலாண்மையில் போக்குவரத்துத் திட்டமிடல்" என்று கரும்பலகையில் எழுதினேன். "டீச்சர், பாலம் கட்டுறது, ரோடு போடுறதுதானே?" என்றான் ஒரு மாணவன். அது பாதி விடைதான். மீதி விடை வரலாற்றில் இருக்கிறது.

நம்ம தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக் தோட்டங்களுக்கு வந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு வேறு வழி. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், இராமேசுவரம் தீவின் முனையிலுள்ள தனுஷ்கோடிவரை ரயில். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு நெருங்கும் வேளை. கடும் புயலில் ஒரு பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியது. சிக்னல் வேலை செய்யவில்லை. சற்றுக் காத்திருந்த ஓட்டுநர் ரயிலை மெல்ல நகர்த்தினார். பேரலை ரயிலையே மூடியது. நூறு பேருக்கு மேல் இருந்தும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சிதைந்த பாம்பன் பாலத்தை, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்கோ ரயில் திரும்பவே இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26. சுமாத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே இலங்கையின் தென்மேற்குக் கரையை ஆழிப்பேரலை தொட்டது. கிழக்குக் கரையில் கடல் பொங்கிய செய்தி வந்ததும் ரயில்களை நிறுத்த முயன்றார்கள்; சில ரயில்கள் நின்றன. கொழும்பிலிருந்து காலி வழியாக மாத்தறைக்குப் போன ரயிலுக்கு மட்டும் செய்தி எட்டவில்லை. பெரலிய என்ற ஊரில் முதல் அலை வந்து அந்த ரயிலை நிறுத்தியது. ரயில்தான் பாதுகாப்பு என்று ஊர்மக்களும் அதில் ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலையில் 1,700 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இரண்டு இடத்திலும் தண்டவாளம் இருந்தது, ரயில் இருந்தது. "நிறுத்து" என்ற ஒரு சொல் ஓட்டுநருக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே கட்டுரையில் மூன்று கருத்துகள் கட்டாயம் வரவேண்டும். பேரிடருக்கு முன், எச்சரிக்கை ஓடும் வண்டிவரை எட்ட வேண்டும். பேரிடர் நேரத்தில், மேட்டுநிலத்துக்குப் போகும் வழி மக்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேரிடருக்குப் பின், துறைமுகமும் பாலமும் விரைவாகச் சீராக வேண்டும். தீவுக்கு அண்டை நாட்டிலிருந்து லாரி வராது. உதவி கடல்வழி அல்லது வான்வழிதான் வரணும்.

அதே 2004இல் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். இன்று பினாங்குத் தீவுக்கு இரண்டு பாலங்களும் ஃபெர்ரியும் உண்டு. கடலோரத்தில் நிற்கும் ஒரு பேருந்து ஓட்டுநருக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்க. கட்டுரைக்கான கருத்துகள் மாணவர்களிடமிருந்தே வரும்.