அருவியைப் பிடித்த பெட்டி

குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவிக்கு எதிரே நின்று என் மாணவர் இருவர் ஆளுக்கொரு படம் எடுத்தனர். ஒன்றில் அருவி பால் வழிவதுபோல் இருந்தது. மற்றொன்றில் அறுந்த மாலையின் முத்துகளைப்போல் துளிகள் தனித்தனியே நின்றன. "இவற்றில் எது சார் உண்மை?" என்று கேட்டனர். வாசகரே, இதற்கு விடை காண நாம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1792இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் தென்னாட்டில் பயணம் செய்தனர். குற்றாலத்துக்குத் தெற்கே அதே மலைத்தொடரில் உள்ள பாபநாசம் அருவியை வரைந்தனர். இந்தியப் பயணங்களில் அவர்கள் கையாண்ட கருவிகளுள் ஒன்று இருட்டறைப் பெட்டி. வில்லை வழியே வரும் ஒளி அதனுள் காட்சியைத் தாளின்மீது வீழ்த்தும். பாறையின் விளிம்பையும் மரத்தின் வடிவையும் அப்படியே பென்சிலால் தொடரலாம். ஆனால் விழும் நீர் பென்சிலுக்காகக் காத்து நிற்குமா? அதை ஓவியர் தம் நினைவிலிருந்துதான் தீட்ட வேண்டும்.

1839இல் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பென்சிலின் வேலையை வெள்ளி உப்புகள் ஏற்றன. 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி நியமிக்கப்பட்டார். 1858இல் அவர் மதுரையில் கோயில்களை மட்டுமன்றி, யானைமலையையும் வைகை ஆற்றையும் படமாக்கினார்.

அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய தாள் நெகட்டிவ். அதன் மேலிருந்த வெள்ளி அயோடைடு மிகவும் மந்தமானது. படம் பதிய நீண்ட நேரம் ஒளி விழ வேண்டும். அதற்குள் ஓடும் நீர் தன் அலைகளை அழித்துக்கொண்டு வழவழப்பாகப் பதியும். பால்போன்ற நீர் அன்று எவரும் விரும்பித் தேர்ந்ததன்று, வேதிப்பொருள் விதித்தது!

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த உப்பு நீல ஒளியை எளிதில் உணரும், பச்சையை உணராது. ஆகவே காடு கருத்துப் போகும். வானம் வெறும் வெள்ளையாகும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார்! அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். 1873இல் ஜெர்மானியரான ஃபோகல், சாயம் சேர்த்தால் தட்டு பச்சையையும் உணரும் என்று கண்டறிந்த பிறகே இக்குறை தீரத் தொடங்கியது.

இப்போது பேரருவிக்குத் திரும்புவோம். 10 மீட்டர் விழுந்த நீரின் வேகம், காற்றின் தடையை விட்டுவிட்டால், நொடிக்கு 14 மீட்டர். ஷட்டர் நொடியில் 1000இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், அதற்குள் துளி நகர்வது 1.4 சென்டிமீட்டர்தான். எட்டி நின்று பார்ப்பவருக்கு அது நின்ற துளியே. 15இல் ஒரு பங்கு நேரம் திறந்தாலோ, துளி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடிவிடும். ஒரு கோடாகப் பதியும். இத்தகைய கோடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் பால் அருவி!

எனவே இரு படங்களும் உண்மையே. ஒன்று நீர் சென்ற வழியைக் காட்டுகிறது. மற்றொன்று நீர் இருந்த இடத்தைக் காட்டுகிறது. டிரைப்புக்கு இதில் தேர்வு இல்லை; நமக்கு உண்டு. ஆனால் இன்றைய கைபேசிகள் பல, நாம் ஒருமுறை தொட்டதும் பல படங்களை எடுத்து, ஒளிமிக்க வானத்தையும் இருண்ட காட்டையும் தாமே இணைத்துவிடுகின்றன. லெ கிரே அறிந்து செய்ததை நாம் அறியாமலே செய்கிறோம்.

அடுத்த முறை குற்றாலம் செல்லும்போது, படம் எடுக்குமுன் சற்று நில்லுங்கள். பேரருவி பாறைக் குழியான பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, மீண்டும் கீழே பாய்வதைக் கண்ணால் பாருங்கள். நீர் சென்ற வழியா, பொங்கும் கணமா, எதைக் காட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிறகு ஷட்டரின் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் பின்புறம் அந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். எது உண்மை என்று கேட்பவருக்கு அதுவே விடை சொல்லும்.