ஐராவதி நதியும் ஓவியர் தூரிகையும்

1852ஆம் ஆண்டுப் போரில் பர்மாவின் பெகு நாட்டை ஆங்கிலேயர் கைப்பற்றினர். மூன்றாண்டுகளின் பின், மிண்டோன் மன்னருடன் உடன்படிக்கை செய்யும் நோக்குடன் ஒரு தூதுக்குழு இரங்கூனிலிருந்து ஐராவதி நதிவழியே தலைநகராகிய அமரபுரத்துக்குச் சென்றது. அதன் தலைவர் ஆதர் பேயர்; செயலாளர் ஹென்றி யூல். கோல்ஸ்வர்தி கிராண்ட் ஓவியராகவும், லின்னேயஸ் டிரைப் புகைப்படக்காரராகவும் உடன் சென்றனர்.

அக்காலப் புகைப்படக் கருவிக்கு நிறம் எட்டாது. ஓடும் பொருளும் அகப்படாது. ஆகவே, நதியிற் செல்லும் படகுகளையும், மழைக்கால வானத்தையும், கரையோர மக்களையும் தூரிகையே பதிய வேண்டியதாயிற்று. பாகன் நகரில் தங்கியபோது யூல் பழைய ஆலயங்களை அளந்து வரைந்தார்.

மன்னரோ உடன்படிக்கையிற் கைச்சாத்திடவில்லை. தூது பயன்படாது போயிற்று, சித்திரங்களோ நிலைத்தன. 1857இல் மிண்டோன் மன்னர் மண்டலாய் நகரை நிறுவினார். அமரபுரத்து அரண்மனை பிரிக்கப்பட்டு அங்கே கொண்டுசெல்லப்பட்டது. இன்று அப்பழைய தலைநகரைக் காண விழைவோர் கிராண்டின் நூற்றுக்கு மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்களையும், டிரைப்பின் படங்களையும், யூல் 1858இல் வெளியிட்ட நூலையுமே நாடவேண்டும். இதே டிரைப் பின்னர் மதுரை, தஞ்சைக் கோயில்களையும் படம்பிடித்தார் என்பது நம்மவர் அறியத்தக்கது.

எனினும், இளைஞர்காள், ஒன்றை மறவாதிருப்போம். வரைந்தவர் அயலார்; 1885இல் அவ்வரசையே வீழ்த்திய ஆட்சியின் ஊழியத்தில் வந்தவர். அவர்தம் உழைப்பைப் போற்றுவோம். அப்படங்களில் பர்மியர் தம் நதியைத் தாமே கண்ட கண் இல்லை என்பதையும் உணர்வோம். தம் நாட்டைத் தாமே எழுதிவையாதார், பிறர் எழுதியதிலேயே தம்மைத் தேட நேரும்.