நாற்காலிக்கு இட்ட பெயர்

பிள்ளை வளர்ப்பைப் பெற்றோருக்குப் பாடமாகக் கற்பிக்கும் முறைகளுள் ஒன்று, 1970களில் அமெரிக்காவில் ஷீலா ஐபர்க் என்னும் உளவியலார் வகுத்தது. தாய் பிள்ளையோடு விளையாடுவார். ஒருபுறக் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர், தாயின் காதில் பொருத்திய கருவி வழியே 'இப்பொழுது பாராட்டுங்கள்', 'இதைப் பொருட்படுத்தாதீர்கள்' என்று சொல்லித் தருவார். அடங்காப் பிள்ளைகளும் அமைதியுற்றனர். ஆனால் அம்முறை மெக்சிகோ வழிவந்த குடும்பங்களுக்கும் பொருந்துமா?

சான் டியாகோ நகரில் கிறிஸ்டன் மெக்கேப்பும் உடன் ஆய்வாளர்களும் இவ்வினாவை எழுப்பினர். 'சிகிச்சை' என்னும் சொல் பெற்றோரைக் கூசச் செய்தது. எனவே அதனைக் கல்வி என்றனர். தந்தையரையும் பாட்டன் பாட்டியரையும் அழைத்தனர். தவறு செய்த பிள்ளை சற்றுநேரம் அமரும் நாற்காலியைக் கண்டிப்பு வேண்டிய பெற்றோர் தண்டனை நாற்காலி எனலாம்; அது கடுமை என எண்ணியோர் சிந்தனை நாற்காலி எனலாம். நாற்காலி ஒன்றே. பண்பாட்டுத் தழுவல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை. இவ்வடிவின் சுருக்கப்பெயர் 'கானா'. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'வெல்கிறது' என்றும் பொருளுண்டாம்!

வென்றதா? 58 குடும்பங்களைத் தழுவிய வடிவு, மூல வடிவு, வழக்கமான சிகிச்சை என மூன்றாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். 2009இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையைவிடக் கானா பல அளவைகளில் சிறந்தது. மூல வடிவோடு ஒப்பிட்டபோதோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூல வடிவை ஒப்பீட்டில் சேர்த்திராவிடில், பயன் முழுவதும் தழுவலால் வந்ததென்றே முழங்கியிருப்பர். எனினும் பிரிவுக்கு இருபது குடும்பமளவே இருக்கையில் சிறு வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. வேறுபாடு காணப்படவில்லை என்பது இரண்டும் சமம் என்பதாகாது.

யூட்டாவில் 1980களில் தோன்றிய குடும்ப வலுவூட்டல் திட்டம் வேறோர் உண்மையை உணர்த்தியது. அதனை உருவாக்கிய கரோல் கும்ப்ஃபர் 2002இல் எழுதியவாறு, பண்பாட்டுக்கேற்ற மாற்றங்களால் குடும்பங்கள் நிலைத்திருப்பது 40 விழுக்காடு வரை உயரக்கூடும். ஆயினும் வகுப்புகளைக் குறைத்தோ மையப் பாடத்தை நீக்கியோ செய்த இடங்களில் பயன் குன்றியது. நிறைந்த அரங்கைக் கண்டு மகிழ்வது கூட்டம் நடத்துவோர் யாவருக்கும் இயல்பே. ஆனால் வருகைப் பதிவேடு பிள்ளையின் மாற்றத்தைச் சொல்வதில்லை.

பின்னர் டெட்ராய்ட் நகரில் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளிடையே, பாடம் குறைக்காமல் மொழிவழக்கு மாத்திரம் தழுவிய வடிவையும், குடியேற்றத்தின் அல்லலையும் இரு பண்பாட்டிடையே வளர்ப்பதன் இடரையும் வெளிப்படையாகப் பேசும் வடிவையும் ஒப்பிட்டனர். 2017இல் வெளியான முடிவின்படி, இரண்டாலும் பெற்றோர் பயனடைந்தனர். பிள்ளைகளின் உள்ளொடுங்கிய துயர் தணிவதிலோ இரண்டாவதே மேலோங்கியது.